சனியை எங்கே நிறுத்துவது?

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்புச் சுவரில் ஒரு சூரியக் குடும்பப் படம் தொங்கும். நான் படித்தபோதும் அதுதான் தொங்கியது; பசுமலைக் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்துத் திரும்பி வந்தபோதும் அதேதான். எட்டுக் கோள்களும் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். ஓரத்தில் சூரியன், தர்ப்பூசணிக் கீற்றுபோல ஒரு மஞ்சள் துண்டு. பூமிக்கும் வியாழனுக்கும் ஏதோ அண்ணன் தம்பி வித்தியாசம்தான் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வழவழப்பான தாளில் அச்சடித்து, மேலும் கீழும் கட்டை வைத்து ஆணியில் மாட்டிய பொய் அது. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வானம் என்பது ஒரு அலமாரி.

எனக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டு, பகலில் போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். தலைமையாசிரியை ஒருநாள் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்குச் சூரியன், கோள்கள் பத்தி ஒரு மணி நேரம் பேசுறியாம்மா?" என்றார். நான் சுவரைக் காட்டினேன். "இந்தப் படத்தக் கழட்டுங்க டீச்சர், பேசுறேன்." அவர் சிரித்துவிட்டு, "கழட்டிட்டு என்னத்த மாட்டுறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தண்ணீர்த் தொட்டி வந்தது. பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஒரு கறுப்புத் தொட்டி உண்டு. சுமார் ஒரு மீட்டர் அகலம். அதைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால் பூமி எவ்வளவு? ஒரு பட்டாணி. எங்கே இருக்கும்? நூறு மீட்டர் சொச்சம் தள்ளி, பஸ் ஸ்டாப்பில். புதன் ஒரு கொத்தமல்லி விதை. வெள்ளி இன்னொரு பட்டாணி. இரண்டும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். செவ்வாய் ஒரு மிளகு, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி. வியாழன்தான் பெரிய ஆள். நல்ல விளாம்பழம் அளவு இருக்கும், ஆனால் அரைக் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். சனி ஒரு சாத்துக்குடி, ஒரு கிலோமீட்டர். யுரேனஸும் நெப்டியூனும் எலுமிச்சம்பழங்கள்; ஒன்று கரும்புக் காட்டில், இன்னொன்று நாலுவழிச்சாலைக்குப் பக்கத்தில். இடையில் ஒன்றும் கிடையாது. காற்றும் வெயிலும் கருவேலமும்தான். இதைச் சொல்லிக்கொண்டு போகும்போது எனக்கே மூச்சு வாங்கியது. தலைமையாசிரியை, "செஞ்சிருவோம்மா" என்றார்.

என் அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு இரும்புக் குழாய்க் கம்பம், மேலே தகரப் பலகை, அதன் நடுவில் கண்ணாடிக் குடுவைக்குள் கோள். தொட்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்ததும் அவன்தான். அடித்த மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பூமியை நட்டுவிட்டு, பிள்ளைகளை அங்கே நிறுத்தி, மொட்டைமாடியைப் பார்க்கச் சொன்னேன். மரத்துக்கு மேலே சின்னதாக மஞ்சளாகத் தெரிந்தது.

"வானத்துல சூரியன் எம்புட்டுப் பெருசாத் தெரியுமோ, சரியா அம்புட்டுத்தான் இங்கருந்து அந்தத் தொட்டி தெரியும்," என்றேன்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்ப நாம இந்தப் பட்டாணி மேலயா அக்கா நிக்கிறோம்?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி போதும். அதற்காக எத்தனை கம்பம் வேண்டுமானாலும் நடலாம் என்று இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் காலனிப் பிள்ளை. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருக்கிறது. அதன் முன்வாசலிலிருந்து சமயநல்லூர் பக்கமாக மெயின் ரோடு போகிறது. பின்பக்கமாக, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் எங்கள் தெரு. கோள்களை நான் மெயின் ரோட்டில் வரிசையாக வைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கேதான் நேரான ரோடு இருந்தது. எங்கள் தெருவுக்கு வருகிற ரோடு நேராகவும் இல்லை, ரோடாகவும் இல்லை.

வம்பு செவ்வாயில் ஆரம்பித்தது. ஒரு வீட்டு வாசலில் கம்பம் நடக் குழி தோண்டியபோது, வீட்டுக்காரர் வெறும் உடம்போடு வந்து நின்றார். "ஏத்தா, எம்மகளுக்குச் செவ்வா தோஷம்னு ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இப்ப வாசல்லயே செவ்வாயக் கொண்டாந்து ஊண்டுனா எப்பூடி?"

"ஐயா, இது மிளகு," என்றான் அண்ணன், குடுவையைக் காட்டி.

"மிளகோ கடுகோ, எதுத்தாப்ல வைங்கப்பா. ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை முந்திக்கொண்டார். "வச்சிரலாம்யா. தூரம் ஒண்ணுதானே? கோள்லாம் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு. எந்தப் பக்கம் நின்னா என்ன?" கணக்குப்படி அது சரிதான். நான் அப்போது சும்மா இருந்தேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே வரன் தட்டிப்போயிருந்தது.

வியாழனுக்கு நேர்மாறு. டீக்கடைக்காரர் தானே கடப்பாரையோடு வந்து, "குரு நம்ம கடையைப் பாத்தாப்ல இருக்கட்டும் தங்கச்சி" என்று குழி தோண்டிக் கொடுத்தார். அதற்கு மாலைகூடப் போட்டுவிட்டார். யுரேனஸையும் நெப்டியூனையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஜாதகத்தில் இல்லாத கோள்களுக்கு எங்கள் ஊரில் ஒரு தொந்தரவும் கிடையாது.

சனி விழுந்த இடம் கல்யாண மண்டபத்தின் வாசல்.

நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. தூரத்தை அளந்துகொண்டு போனால் அங்கேதான் முடிந்தது. மண்டபத்துக்காரர் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறார், ஊரில் பெரிய கை. என் அம்மா அவரை 'ஐயா' என்பாள். நான் 'அண்ணே' என்பேன். ஒவ்வொரு தடவையும் அவருடைய வலது கன்னம் லேசாக இழுக்கும். எனக்கு அது பிடிக்கும்.

குழுக் கூட்டத்தில் அவர் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டேதான் பேசினார். "மண்டப வாசல்ல சனிய நிறுத்தி வச்சா எவன்த்தா கல்யாணத்துக்கு வருவான்? பொண்ணு மாப்ள உள்ள நுழையிறப்பவே, வாங்க வாங்கன்னு சனி நிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிப்பான விஷயம்தான்.

தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார். "பலகைல தமிழ்ல எழுதாம 'சாட்டர்ன்'னு இங்கிலீஷ்ல எழுதிருவோமாய்யா?"

"இங்கிலீஷ்ல வந்தா மட்டும் பிடிக்க மாட்டானா டீச்சர்?"

மறுபடியும் சிரிப்பு. நான் எழுந்து சொன்னேன்: சனி என்பது வாயு உருண்டை, நம் பூமியை விட அகலத்தில் ஒன்பது மடங்கு, அதைச் சுற்றி இருக்கிற வளையம் பனிக்கட்டியும் பாறைத் துண்டும், எட்டுக் கோளில் அழகு என்றால் அதுதான் அழகு, அதற்கு நம் ஊர் மண்டபம் இருப்பதே தெரியாது. மண்டபத்துக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரித்தா," என்றார். "நீங்கதான சொன்னீங்க, சுத்துறது எந்தப் பக்கம் நின்னாலும் ஒண்ணுதான்னு? செவ்வாயத் தூக்கி எதுத்தாப்ல வச்சீகள்ல? அதே தூரம், பின்பக்கம் அளந்து பாரு. சரியா உங்க தெரு முக்கு வருது. அங்க வையி."

யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை வளையலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்க தெருவுல மட்டும் கல்யாணம் நடக்காதாண்ணே?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ரொம்பப் பிரியமாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: "உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் செய்யாது தாயி."

இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. செவ்வாய் தோஷத்துக்குப் பயந்த மனிதருக்கு எதிர்ப்பக்கம் உண்டு. மண்டபத்துக்குப் பின்பக்கம் உண்டு. எல்லோருக்கும் ஒரு அந்தப் பக்கம் இருக்கிறது, அந்த அந்தப் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். சுடுகாடு எங்கள் தெருவைத் தாண்டி. குப்பை லாரி கவிழ்க்கிற பள்ளம் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில். மண்டபத்துக் கழிவு நீர் எங்கள் வாய்க்காலில். இத்தனை நாள் தரையில் இருந்ததைத்தான் தள்ளிவிட்டார்கள். இப்போது வானத்தில் இருப்பதையும் தள்ளப் பார்க்கிறார்கள். அதுவும் யாருடைய அளவை வைத்து? நான் போட்ட கணக்கை வைத்து.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அண்ணன் பட்டறையிலிருந்து சனியை அப்போதுதான் கொண்டுவந்து வைத்திருந்தான். களிமண் உருண்டைக்கு வெளிர்மஞ்சள் அடித்து, பெயிண்ட் டப்பா மூடியை நடுவில் வெட்டி வளையமாக மாட்டியிருந்தான்; அதனால் இது மட்டும் குடுவைக்குள் அடங்கவில்லை. உண்மையிலேயே அழகாக இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"ஏ, இதுக்குப் போயி ஏன் குதிக்கிற? சனியே கெடையாது இது. டப்பா மூடி," என்றான்.

"அப்ப நம்ம தெருவுலயே வச்சிருவோமா?"

"வச்சா என்ன? நமக்குத்தான் நம்பிக்கை இல்லேல?"

"உனக்கு இல்ல. எனக்கு இருக்கு," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. "நான் சனிக்கிழமை தவறாம எள்ளு விளக்குப் போடுறவ. உங்கப்பனுக்கு ஏழரை நடந்தப்ப நான் பட்டது எனக்குத்தான்டா தெரியும். அந்த ஐயா சொன்னாராம்ல, ஒண்ணும் செய்யாதுன்னு? ஏன், என்னைய மட்டும் செய்யாம விட்டுருமா?"

நான் அந்த வாக்கியத்தை மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்; அம்மா அதை ஒரே பிடியில் பிடித்துவிட்டாள். அவருக்கும் அம்மாவுக்கும் இருப்பது ஒரே பயம், ஒரே சனி, ஒரே எள்ளு விளக்கு. ஆனால் பயப்படுகிற உரிமைகூட அவருக்குத்தான். அம்மா பயப்படுவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதோடு நான் வசமாக மாட்டிக்கொண்டேன். 'எங்கள் தெருவில் சனி வேண்டாம்' என்று நான் சொன்னால், சனி கெட்டது என்று பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு எதற்கு இந்தக் கம்பம், தொட்டி, பட்டாணி எல்லாம்? 'வைத்துக்கொள்கிறோம்' என்று சொன்னால், தள்ளுவதை வாங்கிக்கொள்கிற இடம் நாங்கள்தான் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. இரண்டுக்கும் நடுவில் சாத்துக்குடி அளவு சனி வீட்டு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. அம்மா அதற்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்தாள்.

மூன்றாவது நாள் பட்டறைக்குப் போனபோது, அங்கே வாலிபால் வலைக்கான கம்பம் ஒன்று நின்றது. பழைய லாரி டயருக்குள் சிமெண்ட் ஊற்றி, அதில் கம்பத்தை நட்டது. தேவைப்பட்டால் சாய்த்து உருட்டிக்கொண்டு போகலாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன?" என்றான் அண்ணன்.

"சனிக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யி."

அடுத்த கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். "மண்டபத்து அண்ணன் சொன்னது சரி," என்றேன். மண்டபத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சனி சுத்துது. ஒரு இடத்துல நிக்கிறது தப்பு. அதனால கம்பத்த நட வேணாம். பள்ளிக்கூடத்த நடுவுல வச்சு ஒரு கிலோமீட்டர்ல ஒரு வட்டம் போட்டுருக்கேன். இந்தாங்க வரைபடம். வட்டம் எங்க தெரு முக்கு வழியாப் போகுது. மதகு, கோயில் பின்பக்கம், ரைஸ்மில்லு, மண்டபம், எல்லாத்தையும் தொட்டுட்டு மறுபடி எங்க தெருவுக்கு வரும். மாசத்துக்கு ஒரு இடம். பிள்ளைகளே உருட்டிக்கிட்டுப் போவாங்க. வானத்துல ஒரு சுத்துக்கு இருபத்தொன்பது வருஷத்துக்கு மேல ஆகும். இங்க கொஞ்சம் வேகமாச் சுத்தட்டும்."

மண்டபத்துக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய விரல் வட்டத்தில் நகர்ந்து மாதங்களை எண்ணியது. "எங்கிட்ட எப்ப வருது?"

"தை."

"தையிலயா? ஏத்தா, முகூர்த்தமே தையிலதான? ஒரு மாசம் முன்னாடி வந்துருச்சுன்னா மார்கழி. மண்டபம் காலியாக் கெடக்கும். வச்சுக்க, நான் ஒண்ணும் சொல்லல. இல்ல ஆடிக்குக் கொண்டா."

தலைமையாசிரியை நிம்மதியாக மூச்சு விட்டார். "ஒரு மாசந்தானேம்மா. மாத்திக்கலாம்ல?"

மாற்றலாம். கணக்கு அதைத் தடுக்காது. ஆனால் எங்கள் தெருவுக்குப் புரட்டாசி என்று நான் சொன்னபோது, அங்கே யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காதுகுத்து என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மதகுக்குப் பக்கத்தில் இருப்பவர்களையும் கேட்கவில்லை. "முடியாது டீச்சர்," என்றேன். "தைன்னா தை." என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. ஏதோ பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தை எங்கோ தூரத்தில் இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

புரட்டாசியில் சனி எங்கள் தெரு முக்கில் நின்றது. அம்மாவிடம் நான் முன்னாலேயே சொல்லிக் கெஞ்சியிருந்தேன். "நம்ம தெருவுல நிக்கப் போறதில்லம்மா. இங்கருந்து கெளம்பப் போகுது." முதல் சனிக்கிழமை கம்பத்தின் அடியில் எள்ளு விளக்கு எரிந்தது. நான் அதை அணைக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லைதான். ஆனால் அவளோடு போட வேண்டிய சண்டை வேறு, மண்டபத்துக்காரரோடு போட வேண்டிய சண்டை வேறு என்று அந்த ஒரு மாதத்தில் எனக்குப் பிடிபட்டிருந்தது. பிள்ளைகள் அங்கே நின்று மொட்டைமாடியைத் தேடினார்கள். தொட்டி ஒரு மஞ்சள் புள்ளி. "சனியில நின்னா சூரியன் இம்புட்டூண்டுதானா?" என்றான் ஒருவன். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதல்முறை வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்தார்கள்.

தை முதல் வாரம் நாங்கள் டயரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு மண்டப வாசலுக்குப் போனோம். உள்ளே நாயனச் சத்தம். வாசலில் வாழைமரம், ஆளுயர ஃப்ளெக்ஸ். மண்டபத்துக்காரர் பட்டு வேட்டியில் ஓடி வந்தார்.

"தாயி, கால்ல விழட்டுமா? ஆடியில கொண்டாத்தா."

"சனி ஆடி, தை பாத்து வராதுண்ணே." சுவரோரமாக, வட்டம் தொடுகிற இடத்தில் நிறுத்தினோம். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அவருடைய சொந்தக்காரப் பிள்ளைகள். அவர்கள் முன்னால் அவரால் கத்த முடியவில்லை. கன்னம் மட்டும் இழுத்தது.

மறுநாள் காலை போனால் சனி அங்கே இல்லை. வந்த வழியிலேயே பின்னால் போய், ரைஸ்மில் பக்கம் முள்ளுக்குள் நின்றது. மண்டபத்து ஆட்கள் உருட்டியிருக்க வேண்டும். வளையம் ஒரு பக்கம் வளைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பத்தைத் தூக்கி மண்டபத்துக் கண்ணாடியில் எறிந்திருப்பேன். அப்போது அந்த ஏழாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "அக்கா, சனி வக்கிரமாயிருச்சு."

டி.வி. ஜோதிடத்தில் கேட்ட வார்த்தை. ஆனால் விஷயம் உண்மை. பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடிச் சனியை முந்தும்போது, அது கொஞ்ச காலம் பின்னால் போவது மாதிரி நம் கண்ணுக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து பார்த்தால், நாம் முந்துகிற ஷேர் ஆட்டோ பின்னால் போகிற மாதிரி. பிறகு மறுபடி முன்னால் நகரும். அங்கேயே முள்ளுக்கு நடுவில் நின்று அதைப் பாடமாக எடுத்தேன். "பின்னாடி போனாப்ல தெரியும். ஆனா அது வழிய விட்டு எங்கயும் போயிறாது," என்றேன். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து மண்டப வாசலுக்கு உருட்டினோம்.

அந்த மாதம் முழுக்க அப்படித்தான். ராத்திரி அவர்கள் பின்னால் உருட்டுவார்கள். காலையில் பிரேயர் பெல்லுக்கு முன்னால் நாங்கள் முன்னால் உருட்டுவோம். கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. யாரும் எதையும் நிறுத்திவிடவில்லை. தை முடிந்ததும் சனியை வட்டத்தின் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனோம்.

இந்த வருடம் வரைபடம் போடுவதற்கு முன்னால் தலைமையாசிரியை கூப்பிட்டு, "மண்டபத்துக்கு மார்கழியா வர்ற மாதிரி பாரேம்மா, சண்ட எதுக்கு?" என்றார். நல்ல மனுஷி. அவருக்கு வேலை இருக்கிறது, பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருக்கிறது. நான் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் வளையத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"எந்த மாசம்?" என்றான், தலையைத் தூக்காமல்.

"தை."

"டயர் தேஞ்சுபோச்சு. புதுசு போடுறேன்."